அப்பாவு கழனி

புதுவாயல் கூட்டுச்சாலையில் இறங்கி, அன்புராஜ் நகர் போகணும் என்று ஷேர் ஆட்டோக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று தலையாட்டுவார். பத்திரத்தில் அந்த இடத்துக்கு அதுதான் பெயர். முந்நூறு வீடு இருக்கிறது. ஒரு பள்ளிவாசல், இரண்டு கோயில், ஞாயிற்றுக்கிழமை தெலுங்கில் ஜெபம் நடக்கிற ஒரு ஷீட் கொட்டகை, ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும் அறைக்கு ஆறு பேராகத் தங்கும் லைன் வீடுகள், எல்லாம் இருக்கின்றன. அந்தப் பெயர் மட்டும் யார் வாயிலும் இல்லை. அதைச் சாகடித்தவள் சுமலதா. முனையில் நாஷ்டா கடை வைத்திருக்கிறாளே, அவள்தான். அதற்கு அவளுக்குப் பதினெட்டு வருஷம் பிடித்தது.

அங்கே முதலில் இருந்தது கழனி. ரோட்டை ஒட்டிய மூன்று ஏக்கர் அவளுடைய அப்பா அப்பாவுவுக்குச் சொந்தம். ஏரித் தண்ணீர் கடைசியாக வந்து நிற்கிற பள்ளக்கால் நிலம். மனை போட்டு விற்பதற்காகப் பின்னால் இருந்த நிலங்களை எல்லாம் வளைத்துப் போட்டுவிட்ட அன்புராஜுக்கு, அப்பாவுவின் கழனி இல்லாமல் ரோட்டுக்கு வர வழி கிடையாது. அன்புராஜ் வெளியாள் அல்ல. அதே ஊரில் பிறந்து, அப்பாவுவை மாமா மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவன். மோட்டாருக்கு இலவச கரண்டு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, அவரைப் பத்திர ஆபீசுக்கு வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். அப்பாவுவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத்தான் தெரியாது. அவர் கையெழுத்துப் போட்டது கரண்டுக்கு அல்ல, நிலத்தை விற்க அன்புராஜுக்கு உரிமை தரும் பவர் பத்திரத்துக்கு என்பது, கார்த்திகைக் கடைசியில் ஜேசிபி வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

கதிரில் பால் பிடித்திருந்த நேரம். அப்பாவு ஓடிப்போய்ப் பயிருக்கு நடுவில் நின்றுகொண்டார். இரண்டு பேர் அவரை மூட்டை தூக்குவதுபோலத் தூக்கி வரப்பில் வைத்தார்கள். அன்புராஜ் வெள்ளைச் சட்டையோடு காரிலிருந்து இறங்கி வந்தான்.

“மாமா, இனிமே இது உன் கழனி இல்ல. அங்க பாரு போர்டு. யாரு பேரு போட்டுக்குது பாரு.”

அப்பாவு போர்டைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். சுமலதாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். படித்துச் சொல்லும்படி அவர் கண்ணாலேயே கேட்டார். அவள் படித்துச் சொன்னாள். அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் கடைசி.

அப்பாவு அன்றைக்கு நிறுத்திய சோற்றை மறுபடி சரியாகச் சாப்பிடவே இல்லை. தை பிறக்கும் முன்பே போய்விட்டார். அம்மா முத்தம்மாள் நிலத்துக்காக வழக்குப் போட்டாள். வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கியே அது நைந்துபோனது. வீடு நின்ற பத்து சென்ட் மட்டும் தனிப் பட்டாவில் இருந்ததால் தப்பியது. அந்தப் பத்து சென்ட்டோ, நகருக்குள் நுழைகிற வாயிலேயே இருந்தது. உள்ளே போகிற எவரும் சுமலதாவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதலில் அவள் இதை யோசித்துச் செய்யவில்லை. மனை பார்க்க வந்த ஒரு குடும்பம் வழி கேட்டது. அப்படி ஒரு இடமே இங்கே இல்லை என்று வாயில் வந்ததைச் சொல்லி, வடக்கே கையைக் காட்டினாள். அவர்கள் எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் போய், லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, சாயங்காலம் திரும்பி வந்தார்கள். அன்றைக்கு ராத்திரி சுமலதா வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். மறுநாள் கம்பெனி வேலையை விட்டாள். வீட்டு வாசலில் இட்லிப் பானையைத் தூக்கி வைத்தாள்.

முத்தம்மாள் இரண்டு மூன்று வரன் கொண்டுவந்தாள். ஒன்று திருப்பாச்சூர் பக்கம், நல்ல இடம். சுமலதா எதற்கும் அசையவில்லை.

“நா போயிட்டா இந்த மொனைல யாரு நிப்பா?” என்று மட்டும் கேட்டாள். “அவன் பேரு இங்க யாரு வாயிலயும் நிக்கக் கூடாதுமா.”

வழி கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் அவளிடம் ஒரே பதில்தான். இது அப்பாவு கழனி. தபால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், ஒடிசாவிலிருந்து பையோடு வந்து இறங்கி ஒரு சீட்டை நீட்டுபவர், யாராக இருந்தாலும் அந்தப் பெயரைச் சொன்னால் வழி கிடைக்கும், இட்லியும் சூடாகக் கிடைக்கும். மற்றப் பெயரைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் முனுசாமியிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவருடைய கழனியும் ஒரு காலத்தில் அப்படித்தான் போயிருந்தது. மறுநாளிலிருந்து அவர் கூட்டுச்சாலையில் “அப்பாவு கழனி, அப்பாவு கழனி” என்று கூவித்தான் ஆள் ஏற்றினார். மற்ற ஆட்டோக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பீகார்க்காரர்களுக்கு ழகரம் வராது. ‘அபாவ் கல்னி’ என்று வீட்டுக்குப் போனில் சொன்னார்கள். சுமலதாவுக்கு அதுவே போதுமாயிருந்தது.

பழவேற்காட்டிலிருந்து மளிகைக் கடை வைக்க வந்த கமர் நிஷா மட்டும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பத்திரத்தில் இருக்கிற பெயரைத்தானே சொல்ல முடியும் என்றாள். அந்த வருஷ மழை அவளை மாற்றியது. மனை விற்கும்போது கால்வாய் கட்டித் தருகிறேன் என்று சொன்ன அன்புராஜ் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. ஏரித் தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்து வீடுகளுக்குள் முழங்கால் அளவு நின்றது. நனைந்த அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று, குண்டானால் தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டே கமர் நிஷா சொன்னாள்:

“நகருன்னு சொல்லி ஏமாத்திட்டான்மா. இது கழனியேதான்.”

அப்புறம் ஒவ்வொரு மழையும் அந்தப் பெயரை இன்னும் கொஞ்சம் ஆழமாக ஊன்றிவிட்டுப் போயிற்று.

நகரின் முகப்பில் சிவப்பு எழுத்தில் அந்தப் பெயரோடு ஒரு சிமென்ட் வளைவு இருந்தது. அதற்கும் ஒரு நாள் வந்தது. ஒரு வீட்டில் போர் போட வந்த உயரமான வண்டி, வளைவுக்குக் கீழே நுழையுமா என்று சந்தேகப்பட்டு நின்றது. கடையில் இருந்த சுமலதா கையை ஆட்டி, வா வா என்றாள். டிரைவர் நம்பி வந்தார். வளைவு நடுவில் முறிந்து, எழுத்துகளோடு ரோட்டில் கிடந்தது. அன்புராஜ் ஓடிவந்து சத்தம் போட்டான். டிரைவர் அவளைக் கைகாட்டினார்.

“நா கொசு ஓட்டிக்கினு இருந்தேன்” என்றாள் சுமலதா.

அன்புராஜ் அந்த வளைவைத் திரும்பக் கட்டவில்லை. நகரின் கடைக்கோடியில் மாடி வீடு கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருந்தான். தன் இடம் வேறு பெயரில் ஓடுவது அவனுக்குத் தெரியாமல் இல்லை. விருந்தாளி வந்தால் கார் அனுப்பி அழைத்துக்கொள்வான். கடை வழியாகப் போகும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வான்.

போன ஐப்பசியில், காலை பத்தரை மணிக்கு, ஓர் ஆம்புலன்ஸ் சைரனோடு வந்து கடை முன்னால் நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டார். பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஷிப்டு முடிந்த ஆட்கள் யாருக்கும் தெரியவில்லை. அவர் கையில் இருந்த போன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தது.

“என் பேர்லயே கீதுபா அந்த நகரு. யாரையாவது கேளு, சீக்கிரம் வா. என் சம்சாரம் கீழ வுழுந்துட்டா, மூச்சு இழுக்குது.”

குரல் யாருடையது என்று சுமலதாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். இடம் எனக்குத் தெரியும், ஏறி வந்து காட்டுகிறேன் என்றாள். ஓட்டுநர் கதவைத் திறந்தார். அவள் ஏறவில்லை.

“அந்தப் பேர்ல இங்க எடமே இல்ல. போன்ல கீறவர சரியான பேர சொல்லச் சொல்லு.”

ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று கெஞ்சினார். எதிர்க்கடையிலிருந்து கமர் நிஷா ஓடிவந்து அவள் தோளைத் தொட்டாள்.

“வேணாம் சுமா. இந்த நேரத்துல வேணாம்.”

சுமலதா திரும்பவில்லை. அவள் கண் போனிலேயே இருந்தது. கடைசியில் அதில், தொண்டைக்குள்ளிருந்து, “அப்பாவு கழனி” என்றான் அன்புராஜ்.

“கேக்கல” என்றாள் சுமலதா.

இரண்டாவது தடவை அவன் உரக்கச் சொன்னான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து வழி காட்டினாள். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த வீட்டுக்குள் அவள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. அன்புராஜின் மனைவி ஈஸ்வரி கூடத்தில் கிடந்தாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்ற ஆள் போதாமல், சுமலதாவே கால் பக்கம் பிடித்துத் தூக்கினாள். அன்புராஜ் அவளைப் பார்க்க முடியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுமலதாவுக்கு மனசு குளிர்ந்துபோயிருந்தது. அப்போது எப்படி இருந்தது என்று பிற்பாடு யாராவது கேட்டால், இனிச்சது என்றுதான் சொல்வாள். மறைக்கவே மாட்டாள்.

ஆனால் கமர் நிஷா மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. நீ செய்தது நியாயமாகவே இருக்கட்டும், அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேனே, அது எனக்கு ஆகவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். பதினைந்து வருஷமாக அன்றாடம் குழம்பு மாற்றிக்கொண்ட வீடு. சுமலதா சமாதானம் சொல்லப் போகவில்லை. ஆனாலும் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எதிர்க்கடையை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்வரி பிழைத்துக்கொண்டாள். வீடு திரும்பிப் பத்து நாள் கழித்து, சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, தனியாக நடந்து கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“நீ வண்டிய நிறுத்துனயாமே.”

“நிறுத்துனேன்.”

“நா செத்துப் போயிருந்தா?”

“அப்பவும் சொல்ல வெச்சிட்டுத்தான் ஏறியிருப்பேன்” என்றாள்.

ஈஸ்வரி கோபப்படவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜேசிபி வந்த அன்றைக்குத் தானும் காரில் இருந்ததாகச் சொன்னாள். கல்யாணமாகி மூன்றாவது மாதம். புருஷன் தன் பேரில் ஒரு நகர் போடுகிறான், பார்க்கலாம் என்று ஆசையாக வந்தாளாம்.

“ரெண்டு ஆளு ஒங்கப்பாவ தூக்கிக்கினு போனாங்க. வரப்புல வெச்சப்புறம் அவரு வேட்டிய சரி பண்ணிக்கினாரு. அது இன்னமும் என் கண்ணுலயே கீது.”

சுமலதா இதைப் பார்த்ததில்லை. அப்போது அவள் போர்டைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து உள்ளே போய், அடுப்பைப் பார்ப்பதுபோல ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்தபோது ஈஸ்வரி போய்விட்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் நின்ற விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஆளாளுக்குப் பயம் வந்தது. நாளைக்கு நம் வீட்டுக்கு வண்டி வருமா என்று தெலுங்குக்காரர்களும் பள்ளிவாசல்காரர்களும் லைன் வீட்டுக்காரர்களும் ஒன்றுசேர்ந்து பஞ்சாயத்தில் பெயர்ப் பலகை கேட்டார்கள். ஜனவரி இருபத்தாறு கிராம சபையில் அது பேச்சுக்கு வந்தது. என்ன பெயர் எழுதுவது என்று தலைவர் கேட்டார். அன்புராஜ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பத்திரத்தில் இருக்கிற பெயரைத்தான் எழுத வேண்டும் என்று சொல்ல எழுந்தான். அவன் வாய் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஈஸ்வரி எழுந்தாள்.

“அப்பாவு கழனின்னே போடுங்க. அப்பத்தான் வண்டி வரும்.”

அன்புராஜ் நின்றபடியே அவளைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான். கை தூக்கியவர்களை எண்ணத் தேவையே இருக்கவில்லை. கூட்டம் கலைந்தபோது கமர் நிஷா சுமலதாவின் பக்கத்தில் வந்து நின்றாள். இன்றைக்கு மீன் குழம்பு, கிண்ணம் எடுத்துக்கொண்டு வா என்றாள்.

பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. நாஷ்டா கடைக்கு நேர் எதிரே நட்டிருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அதில் சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். அன்புராஜ் மட்டும் அந்த வழியாக வருவதில்லை. பின்பக்கம் கம்பெனிச் சுவரோரமாக ஒரு மண்பாதை இருக்கிறது. குண்டும் குழியுமாக இரண்டு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு ஹைவேயில் ஏறும். அவன் கார் தினமும் அதில்தான் போகிறது. காலை ஒன்பது மணிக்குச் சுவருக்கு மேலே செம்மண் புழுதி எழும். சுமலதா இட்லித் தட்டை இறக்கிவைத்துவிட்டு, அந்தப் புழுதி அடங்குகிற வரைக்கும் நின்று பார்ப்பாள்.