வெயில் பட்டை

வேண்டாம் என்று சொல்லாததெல்லாம் வேண்டும் என்று சொன்னதாகிவிடுமா? தேவசேனாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியையே சுற்றி வந்தது.

நகரியில் விசைத்தறி ஓட்டும் வீட்டுப் பெண் அவள். கல்யாணப் பேச்சு வந்தபோது வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் அவளுக்குக் குறையில்லை, மாமன் மகன் நாகேந்திரனை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. திருச்சானூரில் இருவரும் நடத்திய நெட் சென்டரை அவள் பொறுப்பில் விட்டுவிட்டு அவன் குவைத்துக்குக் கிளம்பியபோதும் அவள் பேசவில்லை. அதையும் அவன் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டான்.

கிளம்பும் காலையில், ஆட்டோ வாசலில் காத்திருக்க, முகம் பார்த்துப் பேசுவதற்கென்று ஒரு இலவச மென்பொருளை முதல் கம்ப்யூட்டரில் இறக்கினான். படிக்காமலே ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டு போனான். கேட்டது ஒன்று, கூடவே வந்தவை நாலைந்து. எந்த ஊரில் எவ்வளவு வெயில் என்று காட்டும் பட்டை ஒன்று திரையின் மேலே ஏறி உட்கார்ந்தது. எடுக்க நேரமில்லை. சிரித்துக்கொண்டே அதில் குவைத் என்று அடித்தான்.

“நான் இன்னா வெயில்ல கீறேன்னு பாத்துக்கினு இரு மே.”

பட்டை சும்மா இருக்கவில்லை, விளம்பரங்களை அழைத்து வந்தது. உடம்பு இளைக்க மருந்து, விழாத லாட்டரிக்கு வாழ்த்து, யாரென்றே தெரியாத பெண்களின் சிரிப்பு. வாடிக்கையாளர்கள் எதையெதையோ இறக்கியதில் மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் அதே கதி. வளையல் கடை பொன்னியம்மா, மஸ்கட்டில் வேலை செய்யும் மகளோடு பேச வருவாள். மகள் முகம் பாதியில் உறைந்து நிற்கும். விளம்பரப் பெண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

“கூப்புடாதவளுங்கோ எல்லாம் வந்து குந்திக்கினு கீறாளுங்கோ,” என்றாள் பொன்னியம்மா ஒருநாள். “கூப்புட்டவளத்தான் காணோம்.”

தேவசேனா உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். இலவசமாக வரும் எதிலும் ஒரு மூலையில் சின்னக் கட்டம் இருக்கும். நம்மைக் கேட்காமலே அதில் டிக் போட்டு வைத்திருப்பார்கள். நாம் எடுக்காவிட்டால் சம்மதித்ததாகக் கணக்கு. அந்த டிக்கை எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். “நெக்ஸ்ட் அமுக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் வத்துன்னு சொல்லிப் பாருங்க,” என்பாள். வத்து என்றால் தெலுங்கில் வேண்டாம். கடையில் அது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு கம்ப்யூட்டராகச் சுத்தமானது, முதல் கம்ப்யூட்டரைத் தவிர.

வேலை ஒப்பந்தம் முடியும் சமயத்தில், இன்னும் ரெண்டு வருஷம் இருக்கட்டுமா என்று நாகேந்திரன் போனில் கேட்டான். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த சொல்லை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னான்.

“நீதான் வேணாம்னு சொல்லலியே.”

அதன்பிறகு தினமும் ஷட்டரைத் தூக்கியதும் அவள் பார்ப்பது அந்தப் பட்டையைத்தான். தூசிக்காற்று என்று காட்டினால், முகத்தில் துணி கட்டியிருப்பானா என்று நினைப்பாள். வெயில் ஐம்பதை நெருங்கும் நாட்களில் ஃபேனைப் போடாமலே உட்கார்ந்திருப்பாள். கரண்டு இல்லையா என்று பொன்னியம்மா கேட்டால், இருக்கிறது என்பாள். அவன் பேசும் நாட்கள் குறைந்தன. பட்டை மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

மறுபடியும் ஒப்பந்தம் முடியப்போனது. மறுபடியும் அதே கேள்வி. அவன் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

“வத்து மாமா. வந்துடு.”

பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்தான். ஆனால் வந்தான்.

வந்த மறுநாள் கடைக்கு வந்து முதல் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தவன் சிரித்தான்.

“இது இன்னுமா கீது? ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுத்துட்டு இத வெச்சிக்கினு கீறியே.”

அவனே நீக்கப் போனான். நிச்சயமாக நீக்கலாமா என்று திரை கேட்டது. மவுஸ் பிடித்திருந்த அவன் கைமேல் தேவசேனா தன் கையை வைத்தாள். அம்புக்குறியை மெல்ல நகர்த்தி, ‘நோ’ என்பதை அமுக்கினாள்.

ஏன் என்று கேட்டான். பொன்னியம்மா வரும் நேரமாகிவிட்டது என்று சொல்லி, கேமராவைத் துடைக்க எழுந்து போனாள்.