வெளிச்சுவரில் லீலாவதி அக்கா

செய்தி வந்தபோது நான் பத்து பெரண்டாம் ஊர்ப் பாசாரில் ஒரு மீன் கடையில் கெம்போங் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அழைத்தது சுரேஷ், லீலாவதி அக்காவின் ஒரே மகன். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. சாமி கும்பிட்டுட்டு வந்து நாற்காலியில உக்காந்தாங்க, அவ்வளவுதான்" என்றான். மீனைத் தட்டிலேயே வைத்துவிட்டு, ஈரத் தரையில் நின்றபடி அழுதேன். மீன்காரர் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

அழுகைக்கு நடுவில் சுரேஷ் இன்னொன்றும் கேட்டான். "ஆன்ட்டி, வீட்டுல அம்மா படம் ஒண்ணுகூட இல்ல. பெருசு பண்ணி மாலை போடணும்னு பெரியப்பா கேக்குறாரு. உங்க போன்ல ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. ஒரே ஒரு படம். அதற்கு மாலை போடக் கூடாது, அதை வீட்டுக்குள் மாட்டவும் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தார். சாவு வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வது என்ற கவலையோடுதான் அன்றைக்கு டுரியான் துங்காலில் இருந்த அக்கா வீட்டுக்குக் காரை ஓட்டிப் போனேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். அறிந்தவர்களும் கேட்டுக்கொள்ளலாம். அந்த வியட்நாம் கதையை ஆளாளுக்குக் கை கால் வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

டுரியான் துங்காலைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் ஒன்றில் பிறந்தவர் அக்கா. பள்ளி முடித்த கையோடு பத்து பெரண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தார். நான் அங்கே சேர்ந்தபோது அவர் லைன் லீடர். முதல் நாளே என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "பரமு, பயந்தா கை பயப்படும், கை பயந்தா மெஷின் கத்தும். முதல்ல போய் ஒரு மைலோ குடிச்சுட்டு வா" என்று அனுப்பினார். நான் திரும்பி வரும்வரை என் இடத்தில் அவரே உட்கார்ந்து வேலை பார்த்தார். அதட்டத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு முறை மேலாளர் ஒருவர், கழிவறைக்குப் போகிற பெண்கள் தன்னிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார். அக்கா எங்கள் எல்லோரையும் வரிசையாக அழைத்துக்கொண்டு போய் அவர் அறைக்கு முன்னால் நிறுத்தி, "கேக்க வந்திருக்கோம் சார்" என்றார். அந்த விதி மத்தியானத்துக்குள் செத்துப்போனது.

இத்தனை துணிச்சலான மனுஷிக்குப் படம் எடுத்துக்கொள்வது மட்டும் ஆகாது. ஆண்டு விருந்துகளில் கேமராவை அவர்தான் வைத்திருப்பார். எல்லோரையும் நிற்க வைத்து, சேலையைச் சரி பண்ணி, "பல்லு தெரியட்டும்லா, வீட்டுக்கா எடுத்துட்டுப் போகப் போறீங்க" என்று எடுத்துத் தள்ளுவார். ஒரு வருஷம் வற்புறுத்தி வரிசையில் நிறுத்திவிட்டோம். ஒளி மின்னுகிற நேரம் பார்த்துச் செருப்பு வாரை மாட்டக் குனிந்துவிட்டார். இன்றைக்கும் அந்தப் படத்தில் அக்காவின் முதுகுதான் இருக்கிறது.

காரணத்தை ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். அவர் வளர்ந்த வீட்டில் சுவரில் சாமி படம் இருக்கும், செத்தவர் படம் இருக்கும். மூன்றாவது வகை கிடையாது. கல்யாணம் ஆனபோது ஜோடியாக ஒரு படம் எடுத்து மாட்டினார்கள். கணவர் இறந்ததும், வேறு நல்ல படம் இல்லை என்று, அந்தக் கல்யாணப் படத்தையே கடையில் கொடுத்துப் பெரிதாக்கினார்கள். உயிரோடு இருப்பவளைக் கூட வைத்து மாலை போட முடியுமா? அக்காவை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

"உத்துப் பாத்தா அவர் தோள்ல என் சேலைக் கரை கொஞ்சம் தெரியும். மீதி நான் எங்க போனேன்னு யாரும் கேக்கல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, எங்களோடு வேலை பார்த்த ரொக்காயா ஒரு திட்டம் போட்டார். மலிவு டிக்கெட், நாங்கள் மூன்று பேர், வியட்நாமில் டா நாங் நகரம். "உங்க ரெண்டு பேர் சமையலையும் சாப்பிட்டு முப்பது வருஷமா வயிறு கெட்டுப்போச்சு, வெளிநாட்டுல போய் சரி பண்ணிக்கிறேன்" என்று மலாயும் தமிழும் கலந்து எங்களை இழுத்துக்கொண்டு போனார். கடைசி நாள் காலையில் ஏதாவது கிராமம் பார்க்கலாம் என்று கேட்டபோது, வழிகாட்டி மின் என்ற நடுவயதுக்காரர், தெற்கே கடலோரத்தில் வீட்டுச் சுவர்களில் எல்லாம் ஓவியம் வரைந்திருக்கிற மீனவர் கிராமம் ஒன்று இருக்கிறது, அரை நாளில் போய் வந்துவிடலாம் என்றார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஊர் எதுவானாலும் அக்காவுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான். ஹோட்டல் பக்கத்துச் சந்தையில் ஒரு கட்டு சாமந்தி வாங்கி, கைப்பையில் வைத்திருந்த சின்ன முருகன் படத்துக்குச் சாத்திவிட்டார். மீதிப் பூவை வீணாக்க மனசு வரவில்லை. வேன் போகப் போக, ஹோட்டலில் கொடுத்த தையல் நூலை எடுத்துத் தொடுக்க ஆரம்பித்தார். முன்னால் உட்கார்ந்திருந்த மின், வேனின் கண்ணாடியில் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். கிராமம் வருவதற்குள் மூன்று முழ நீளத்துக்கு ஒரு மாலை தயார்.

கிராமத்தில் இறங்கியதும் காய்கிற மீன் வாசம். "கோலா சுங்கை பாரு மாதிரியே இருக்குலா, பெயிண்டு மட்டும் அதிகம்" என்றார் அக்கா, எங்கள் பக்கத்து மீனவர் ஊரை நினைத்து. உண்மைதான். மஞ்சள் சுவரில் தாமரை, பச்சைச் சுவரில் எருமை, வலை இழுக்கிற ஆட்கள், வட்டமான கூடைப் படகுகளின் முதுகில்கூட மீன்கள். அதற்கு நடுவே கோழிகள் மேய்ந்தன, கொடியில் துணி காய்ந்தது. ரொக்காயா ஒவ்வொரு சுவருக்கும் ஒரு படம் என்று எடுத்து, போனில் இடம் தீர்ந்து போய் நின்றார்.

ஒரு சந்தின் முனையில் நீலச் சுவர். அதில் ஆளுயரத்துக்கு ஒரு வயதான அம்மாவின் முகம், கூம்புத் தொப்பியோடு, கன்னம் சுருங்கச் சிரித்தபடி. சுவரின் கீழே சின்னதாக ஒரு சாமி மாடம், அதில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது, பக்கத்தில் தட்டில் பழம். படத்தின் மேலே ஓர் ஆணி. நாங்கள் மூவரும் அப்படியே நின்றோம். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. படம், பத்தி, பழம். நம் கண்ணுக்கு அது வேறு எதுவாக இருக்க முடியும்?

"பாவம், எவ்வளவு லட்சணமா இருந்திருக்காங்க" என்றார் அக்கா. செருப்பைக் கழற்றிவிட்டு, கையிலிருந்த மாலையை எட்டி அந்த ஆணியில் மாட்டினார். கண்ணை மூடி, "ஆத்தா, நல்லபடியா போய்ச் சேருங்க, பிள்ளைகளைப் பாத்துக்குங்க" என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ரொக்காயா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது கதவு திறந்தது. ஒரு கையில் மீன் கழுவிய தண்ணீர்ச் சட்டியோடு, சுவரில் இருந்த அதே அம்மா வெளியே வந்தார்.

 உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு, அவர் வாசலிலேயே வந்து மாலை போட்டிருக்கிறோம். இதையே நம்மூரில் செய்திருந்தால் துடைப்பக்கட்டையோடு வந்து ஆத்தா அப்பன் வரை இழுத்துத் திட்டியிருப்பார்கள். அக்கா "ஐயையோ, மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க" என்று தமிழில் சொல்லிக்கொண்டே மாலையைக் கழற்றப் போனார். கை எட்டியும் ஆணியிலிருந்து வரவில்லை. அந்த அம்மா சட்டியைக் கீழே வைத்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தானே மாலையை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். முடிச்சுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கழுத்தில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். சுவரில் இருந்த அதே சிரிப்பு.

சுரத்தே இல்லாத குரலில் அக்கா மின்னிடம், "நாங்க செத்தவங்களுக்குத்தான் இப்படிப் படத்துல போடுவோம், தெரியாம செஞ்சுட்டோம்னு சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் அதைச் சொன்னேன், மின் தயங்கித் தயங்கி அவருக்குச் சொன்னார். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சொன்ன பதிலை மின் மொழிபெயர்த்தார். செத்தவர்களை அவர்கள் வீட்டுக்குள் பூசை மேடையில் வைத்துக்கொள்வார்களாம், அவருடைய கணவர் உள்ளேதான் இருக்கிறாராம். கீழே மாடத்தில் புகைகிற பத்தி சாமிக்கு, வெளிச்சுவர் உயிரோடு இருக்கிறவர்களுக்கு. வரைய வந்தவர்கள், மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அவரை "அப்படியே இருங்க" என்று சொல்லி வரைந்தார்களாம். கடலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் தூரத்திலிருந்தே பார்த்து, "வீட்டுலதான் இருக்கீங்க போல" என்று கத்துவார்களாம்.

அக்கா அதை இரண்டாவது முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் அடுத்த சந்துக்கு நகர்ந்தபோதும் அவர் வரவில்லை.

"பரமு" என்று கூப்பிட்டார். "என்னை ஒரு படம் எடு."

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். அந்த அம்மாவின் பக்கத்தில் அக்கா நின்றார். அந்த அம்மா மாலையின் ஒரு பாதியை இழுத்து அக்காவின் தோளிலும் போட்டார். நான் எடுக்கிற நேரத்தில் இருவரும் எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள். செருப்பு வார் எதுவும் அவிழவில்லை.

வேனில் திரும்பும்போது அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "எனக்குப் பல்லு இவ்வளவு இருக்கா?" என்றார். பிறகு, நல்ல சேதி சொல்வது போலச் சொன்னார்: "நான் போனப்புறம் இதை மாட்டணும். வீட்டுக்குள்ள வேணாம். வெளிய, கேட்டைப் பாத்த சுவத்துல. மாலை கீலை கூடாது. ஒரு தடவ என்னை வெட்டி எடுத்தாச்சு, மறுபடியும் ஒருத்தன் கையில கத்திரிய குடுத்துறாத. சத்தியம் பண்ணு." என்ன பேச்சுக்கா இது என்று திட்டினேன். ஆனாலும் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

இந்தச் சத்தியத்தோடுதான் அன்றைக்கு அவர் வீட்டுக்குள் நுழைந்தேன். அக்கா கணவரின் அண்ணன், எல்லோரும் மதிக்கிற பெரியவர், நான் சொன்னதைக் கேட்டதும் முகம் சுருங்கினார். "மாலை இல்லாம படம் வைக்கிறதா? வாசல்ல தொங்க விடுறதா? நாளைக்கு ஊரு என்னம்மா சொல்லும்?" என்றார். என் வாய் சும்மா இருக்காது என்று தெரிந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். சாவு வீட்டில் சண்டை பிடிக்க அக்கா என்னைப் பழக்கவில்லை. போனை எடுத்துப் படத்தைச் சுரேஷிடம் கொடுத்தேன்.

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். "அம்மா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லையே ஆன்ட்டி" என்றான்.  பெரியவரும் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, சடங்குக்கு அடையாள அட்டையில், ஐசியில் இருக்கிற படத்தைப் பெரிதாக்கி மாலை போடலாம், காரியம் முடிந்ததும் பிள்ளை விருப்பம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பக்கத்தில் நின்றிருந்த ரொக்காயா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

கருமாதி முடிந்த பிறகு, ஐசி படத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, சுரேஷ் தானே டிரில் மெஷினைப் பிடித்துக் கேட்டைப் பார்த்த சுவரில் துளை போட்டான். மழை படாத கண்ணாடிச் சட்டம். அதில் இரண்டு பெண்கள், பின்னால் நீலச் சுவர். யாரையும் வெட்டவில்லை. மின்னுக்கும் ஒரு பிரதி அனுப்பினோம். அந்த அம்மா சுகமாக இருக்கிறாராம், மீன் காயப்போடுகிறாராம். அக்கா போன சேதி கேட்டு வீட்டுக்குள் பூசை மேடையில் ஒரு பத்தி ஏற்றினாராம். சுவரில் ஏற்றவில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் அங்கே இருந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வாரா வாரம் பூக் கொண்டு வருகிறவர், ஊருக்குப் போய் அன்றுதான் திரும்பியிருந்தார், ஒன்றும் தெரியாது. கேட்டுக்கு வெளியே நின்று படத்தைப் பார்த்தார். வேறு வீடாக இருந்தால் ஒரு மாலை பார்த்திருப்பார், புரிந்துகொண்டிருப்பார்.

"என்ன தம்பி, அக்கா படமெல்லாம் மாட்டியாச்சு? ஜோரா இருக்கே" என்றார். "எப்பவும் போல சாமிக்கும் அப்பாவுக்கும்தானே?"

சுரேஷ் என்னைப் பார்த்தான். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு போய்ப் பூவை வாங்கினான்.

"ஆமாண்ணே, சாமிக்கும் அப்பாவுக்கும்தான்" என்றான்.

பூக்காரரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொல்வோம், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம். நான் கிளம்பியபோது கேட்டைச் சாத்திவிட்டு, எத்தனையோ வருஷமாகச் செய்கிற பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அக்கா வாசலில்தான் நின்றார்.

"வர்றேன்கா" என்றேன்.