நான் வெட்டச் சொன்ன பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலில் ஒரு பெரியவரைப் பொய்க்காரராக்கிவிட்டு வந்தேன். படம் பார்க்கப் போன இடத்தில்!

பேசும் படம் வந்த புதிதில் எடுத்த நகைச்சுவைப் படம். மூன்று நாள் காலைக் காட்சி. நகைச்சுவை போஸ்டரில்தான் இருந்தது... படத்தில் இருந்தது முப்பத்தெட்டுப் பாட்டு. திருடன் வந்தால் ஒரு பாட்டு. துரத்துகிறவனும் நின்று நிதானமாக ஒன்று பாடிவிட்டுத்தான் துரத்துவான். அதற்குள் திருடன் தென்காசி போய்ச் சேர்ந்திருக்க மாட்டானா?

முதல் நாள், பாட்டு வரும்போதெல்லாம் ஜனம் பீடி பிடிக்க வெளியே போனது. நானும் டீ குடிக்கப் போனேன் — ஒவ்வொரு பாட்டுக்கும். எத்தனை டீ என்று கேட்காதீர்கள்.

எழுதுகிறவன் சும்மா இருப்பானா? தியேட்டர் மேனேஜர் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர். "பாட்டை வெட்டுங்க அண்ணாச்சி, சிரிப்பு மட்டும் போதும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்" என்று ஆபரேட்டரிடம் சொல்லி வெட்டிவிட்டார். மறுநாள் தியேட்டரே சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி நாள் படம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவர் மேனேஜரைத் தேடி வந்தார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பத்தோடு வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"தோட்டத்துப் பாட்டு எங்க தம்பி? அதுல பூக்கூடையோட ஆடுதது நான்லா!"

மேனேஜர் என்னைப் பார்த்தார். ஆபரேட்டர் அதற்குள், வெட்டிய பாட்டுகளும் இருந்த படப்பெட்டியோடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்விட்டிருந்தார்.

மகன் சிரித்தார். "நாப்பது வருசமா இதையே சொல்லுதிய. இன்னைக்குப் பிள்ளையளுக்கும் தெரிஞ்சு போச்சு. வாங்கப்பா."

"பாட்டை நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றேன் அவசரமாக.

பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்ப நீங்க முழுப் படமும் பாத்திருப்பிய. இவன்ட்ட சொல்லுங்க சார்... முண்டாசு கட்டி, பூக்கூடையோட ஒருத்தன் ஆடுவாம்லா?"

அந்தப் பாட்டு ஓடும்போது நான் டீக்கடையில் இருந்தேன். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன் — தயங்கிவிட்டேன்.

"பாத்தியளா? சாருக்கே தெரியலை" என்றார் மகன்.

பெரியவர் என் கையை விட்டார். பேரனைக் கூப்பிட்டார். அவன் அம்மாவோடு முன்னால் போய்விட்டான். தனியாக பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

ஒரு வாரமாக டீ கசக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. படத்தில் பாட்டு அதிகம் என்று ஊருக்கே தீர்ப்புச் சொன்னேனே...

அதில் ஒரு பாட்டைக்கூட நான் பார்த்ததில்லை.