ரெஜினாம்மா கேட்ட மன்னிப்பு

காட்டூரில் ஒரு வீட்டுக்குக் கூரை கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தபோது ரெஜினாம்மாவின் மகன் போன் செய்தான். "அம்மா போய்ட்டாங்கண்ணே. காபி கேட்டாங்க, போட்டு எடுத்தாறதுக்குள்ள..." கான்கிரீட்டைப் பாதியில் விட முடியாது. சாயங்காலம் வரை நின்று முடித்தேன். சிமெண்ட் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து எரிச்சல் வேறு.

பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் ஓவர்சியரம்மா என்றால்தான் அவரைத் தெரியும். வெள்ளத்தில் குடிசை போனவர்களுக்கு வீடு கட்டியபோது அவர் மேற்பார்வை, நான் மேஸ்திரி. தரையிலிருந்து நான்கடிக்குப் பேஸ்மட்டம் எழுப்பி, அதற்கு மேல்தான் வீடு கட்ட வேண்டும் என்பது விதி. ஓர் அங்குலம் குறைந்தாலும் கையெழுத்துப் போடமாட்டார். "படி ஏறி ஏறி முட்டி போச்சும்மா" என்று பெண்கள் சண்டைக்கு வருவார்கள். "முட்டி போனா தைலம் தடவலாம். வூடு போனா இன்னாத்தத் தடவுவே?" என்பார். வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.

எனக்குச் சிரிப்பு வராது. நான் முன்கோபி, அவசரக்காரன். மழைக்கு முன் முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும். ஒரு வீட்டில் மூன்றடியோடு நிறுத்திவிட்டு, அவர் அளக்க வரும் நாளன்று காலையில் சுவரைச் சுற்றி ஓரடி ஆழத்துக்கு மணலை வாரி எடுத்துவிட்டேன். டேப் நான்கடி காட்டியது. கையெழுத்துப் போட்டார். மறுநாள் மணலைத் திரும்பத் தள்ளினேன். அது செல்வி என்ற பெண்ணின் வீடு.

அடுத்த வீட்டில் அதே வேலையைச் செய்தபோது மாட்டிக்கொண்டேன். சுவரின் அடியில் ஓரடிக்கு ஈரம் கறுத்திருந்ததைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "மண்ணை வாரிட்டா ஏரி எறங்கிடுமா நைனா?" என்றார். கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

"மத்த வூட்லயும் இப்டிதான் பண்ணியா?"

"எங்கம்மா மேல சத்தியமா இல்லம்மா. இதான் மொதோ தபா."

நம்பினார். அந்த வீட்டை மட்டும் இடித்து உயர்த்தினேன்.

அடுத்த மழையில் ஏரி ஏறியது. எல்லா வீட்டிலும் தண்ணீர் வாசற்படியோடு நின்றது. செல்வி வீட்டில் மட்டும் உள்ளே புகுந்தது. கைக்குழந்தையோடு இரண்டு நாள் கட்டில்மேலேயே உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து, எப்படியோ பிழைத்தது.

தண்ணீர் வடிந்ததும் ரெஜினாம்மா வந்து செல்வியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான்தான் அளவைத் தப்பா எடுத்துட்டேன்மா. என்னை மன்னிச்சுக்கோ" என்று அழுதார். "அய்ய, நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க" என்று அவளும் அழுதாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை, பாவி.

அதன்பிறகு அவர் ஒவ்வொரு வீட்டையும் இரண்டு தடவை அளந்தார். "எனக்குக் கண்ணு செரியில்ல நைனா, நீயும் ஒரு தபா பாத்துடு" என்று டேப்பை என்னிடமே நீட்டுவார். சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன்.

அவரை அறிந்தவர்களே, ரெஜினாம்மாவின் அளவு ஒருநாளும் தப்பியதில்லை. பொய் என்னுடையது. நேற்று செல்வியிடம் போய்ச் சொன்னேன். "அந்தக்கா உசுரோட இருக்கசொல்ல சொல்லியிருக்கலாமேண்ணா" என்றாள்.

நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்த மன்னிப்புதான்.