கோதண்டம் வீட்டு மட்டக்குதிரைக்குத் தகுதி பார்த்த கதை

குதிரையை அளக்கிற வேலையில் ஒரு சௌகரியம், குதிரை எதிர்த்துப் பேசாது. ஒரே தொல்லை, அதைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் பேசாமல் இருக்க மாட்டார். நீங்களும் ஏதாவது ஒரு வாசலில் நின்று "உங்களை உள்ள விட முடியாதுங்க" என்று சொல்லிப் பிழைத்தவரா? அப்படியானால் நம்ம ஆள்தான், கிட்டே வந்து உட்காருங்கள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போடும்போது மாட்டைப் பிடித்துக்கொள்கிற உத்தியோகம் எனக்கு. ரிட்டயர் ஆனதும் வேட்டவலம் ரோட்டில் இருக்கிற குதிரை கிளப்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே அமெச்சூர்களுக்கான தாண்டும் போட்டி நடக்கும். குறுக்குக் கட்டைகளைக் குதிரை தாண்ட வேண்டும். அதற்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விடுவது என் பொறுப்பு.

இந்த வருஷம் அடி அண்ணாமலையிலிருந்து கோதண்டம் வந்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். கூடவே ப்ளஸ் ஒன் படிக்கிற மகள் தேவியும், ராணி என்கிற மட்டக்குதிரையும். ராணியை எப்படியாவது போட்டியில் மட்டக்குதிரைகளுக்கான தொடக்க வகுப்பில் சேர்த்தாக வேண்டும், இல்லையென்றால் அவர் ஊருக்குள் தலை காட்ட முடியாது. ஏனென்றால் போன வாரமே ஊர் முனையில் பேனர் கட்டிவிட்டார். நடுவில் ராணி, சுற்றிலும் தெரு ஜனம் மொத்தமும் கை கூப்பிக்கொண்டு. அத்தனை பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் பின்னாலேயே வந்து இறங்கினார்கள். எப்படி முடியும் என்று கேட்பவர் எங்கள் ஊர் ஷேர் ஆட்டோவில் ஏறாதவர்.

உயரம்

மட்டக்குதிரை வகுப்பென்றால் உயரம் நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் கோலை வைத்து அளப்போம். ராணி சமர்த்தாக நின்றாள். நானும் கோலில் இருக்கிற அளவுக் கட்டையை அவள் முதுகுக்கு இறக்கினேன். அந்த நேரம் பார்த்து கோதண்டத்தின் போன் அடித்தது. ரிங்டோன் கல்யாண பேண்டு வாத்தியம்.

பேண்டு கேட்டால் ராணி ஆட வேண்டும், அதுதான் அவள் பிழைப்பு. முன்கால் எழும்பியது, முதுகு எழும்பியது, கோலோடு சேர்ந்து நானும் எழும்பினேன். கட்டை மேலே போய் வேப்பமரக் கிளையில் முட்டியது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், கிளை இன்னும் வளைந்துதான் இருக்கிறது. கீழேயிருந்து தேவி கத்தினாள்: "யப்பா, போனை சைலன்ட்ல போடு, ராணி வளர்ந்துக்கினே போறா!"

வயசு

போன் அடங்கியதும் ராணியும் அளவுக்குள் அடங்கினாள். அடுத்தது வயசு, நாலு ஆகாத குதிரை தாண்டக் கூடாது. பல்லைப் பார்த்தால் வயசு தெரியும். நான் ராணியின் வாயைத் திறந்தேன், கோதண்டம் மஞ்சள் தடவிய ஜாதகத்தைத் திறந்தார். குதிரைக்கு ஜாதகம் எழுதிய ஜோசியரை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கு எழுதியதைவிட இது தெளிவாக இருந்தது. ராணியின் வாயிலோ பல்லைவிடப் பொட்டுக்கடலை ஜாஸ்தி. துழாவிப் பார்த்து ஆறு வயசு என்று முடிவு செய்வதற்குள், என் தோளில் கிடந்த துண்டில் பாதி உள்ளே போய்விட்டது. கோதண்டம் பதறவே இல்லை: "அவளுக்கு சுக்கிர தசை சார், எது கெடைச்சாலும் சேரும், உங்களுக்குத்தான் நேரம் சரியில்ல."

அமெச்சூர்

முதலில் கோதண்டம் தானே ஏறித் தாண்டுவதாகத்தான் இருந்தார். நான் குறுக்கே விழுந்தேன். குதிரையை வைத்துக் கூலி வாங்குகிறவர் தொழில்காரர், அமெச்சூர் இல்லை, சட்டம் அப்படி என்றேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாண வூட்ல மாப்பிள்ளைய எறக்கி உள்ள அழைச்சிக்கினு போனப்புறம், கூலி குடுக்கக் குதிரைக்காரனை எவன் சார் திரும்பிப் பாக்குறான்? நான் பொறவி அமெச்சூர் சார்!"

முன்னால் ஜெயித்திருக்கக் கூடாது

கடைசியில் தேவிதான் ஏறுவதென்று முடிவானது. குதிரை ஏறியதற்கு அவள் இதுவரை வாங்கியது அம்மாவிடம் திட்டு மட்டும்தான், ஆகவே சுத்தமான அமெச்சூர். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் டீக்குத் திரும்பினேன். அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் முதலாளி, அதே வகுப்பில் மகனை இறக்கியிருப்பவர், செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார். பேனரைப் படம் பிடித்து வைத்திருக்கிறார். அதில் கொட்டை எழுத்தில், "வெற்றி மேல் வெற்றி குவிக்கும் எங்கள் ராணி!"

தொடக்க வகுப்பில் சேர வேண்டுமானால் குதிரை இதற்கு முன் எங்கேயும் ஜெயித்திருக்கக் கூடாது. சென்னையிலிருந்து வந்திருந்த நடுவர் அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஒண்ணு, பேனர் பொய்னு மைக்ல சொல்லுங்க. இல்லன்னா குதிரையைக் கூட்டிட்டுப் போங்க." கோதண்டத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. சொல்லாவிட்டால் ராணிக்கு இடமில்லை. சொன்னால் வந்திருக்கிற தெருவே கேட்கும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிற்கிற மகளைப் பார்த்தார். மைக்கை வாங்கினார்.

"எங்க ராணி இதுவரைக்கும் ஒண்ணுமே ஜெயிச்சதில்லீங்க. ஒரு தென்னை மட்டையைக்கூட தாண்டினதில்ல. சாக்கடை வந்தா சுத்திக்கினுதான் போவா. பேனர்ல போட்டது அத்தினியும் பொய்."

கூட்டத்திலிருந்து அவருடைய பெரியம்மா குரல் வந்தது: "பொய்னு கட்டின அன்னிக்கே தெரியும்டா, என் போட்டோ நல்லா வுழுந்துருக்கேன்னு சும்மா இருந்தேன்!"

தாண்டியது

ராணி புறப்பட்ட வேகத்தில் எழுந்த புழுதி கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போக, அங்கே காயவைத்த வேர்க்கடலையை அள்ளி உள்ளே வைத்தார்களாம். முதல் தடுப்பு கிட்டே வந்தது. எங்கள் கிளப்பில் குறுக்குக் கட்டைகளுக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கும். அது கோயில் மதில் மாதிரியே இருக்கும் என்பது அதுவரை எங்கள் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. ஊர்வலம் போகிறபோது கோயில் மதிலைக் கண்டால் நின்று முன்கால் மடித்துத் தலை வணங்க வேண்டும் என்று ராணியைப் பழக்கியிருந்தார் கோதண்டம்.

ராணி நின்றாள், வணங்கினாள். ஒன்று. தேவி திருப்பி ஓட்டி வந்தாள். மறுபடியும் நின்றாள், வணங்கினாள். இரண்டு. மூன்று தடவை நின்றால் வெளியே. மூன்றாவது தடவை நிற்கவில்லை. கும்பிட்டது போதுமென்று நினைத்தாளோ என்னவோ, தடுப்பை வலது பக்கமாக வைத்துக்கொண்டு நிதானமாகச் சுற்றி வந்தாள். தெரு ஜனத்தில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுற்றிப் போனாலும் தாண்டாத கணக்குதான் என்று நடுவர் அம்மா வெளியேற்றுகிற மணியை அடித்துவிட்டார்.

கோதண்டத்துக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று தயங்கிக்கொண்டே போனேன். மனிதர் முகமெல்லாம் வெளிச்சமாக என் கையைப் பிடித்துக்கொண்டார்: "அப்போ அடுத்த வருசமும் நாங்க தொடக்க வகுப்புலயே சேரலாம் இல்ல சார்?"

ஜெயித்தவனுக்கு அந்த வாசல் ஒரே தடவையில் மூடிவிடும், நம்ம மாதிரி ஆட்களுக்கோ அது ஆயுசு பூரா திறந்தே கிடக்கும்.