ஈசி போட்டு விளையாடிய செல்வராணி அக்கா

செல்வராணி அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துச் சொன்னபோது, கடையில் அக்காவின் கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நெஞ்சு நோகுது என்று எழுந்தவர், "வந்திடுவன் மனே, ஆட்டத்த மூடிப்போடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். திரையில் ஒரு கடற்கரை ஹோட்டலின் வாசல். அங்கே சிலர் நின்றார்கள்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு வாழைச்சேனையில் எங்கள் கணினிக் கடையையும் தெரிந்திருக்கும். சண்டை ஓய்ந்த பிறகு திறந்தது. அக்கா விண்ணப்பங்கள் தட்டச்சு செய்வார். நான் பொடியன்களுக்குத் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்கள் போட்டுக் கொடுப்பேன். தொடங்குமுன் எவ்வளவு கடினம், என்னென்ன ஆயுதம் என்று தெரிவுசெய்ய வேண்டும். 'ஈசி' போடுகிறவர் எல்லோருக்கும் பிளேன்டீ, அதுதான் பால் விடாத தேத்தண்ணி, வாங்க வேண்டும் என்பது கடைச் சட்டம். சட்டம் போட்டவன் நான். நான் எப்போதும் 'ஹார்ட்'தான், அந்தத் திமிர் ஊருக்கே தெரியும்.

ஆளில்லாத மத்தியானங்களில் அக்காவும் விளையாடுவார். ஹோட்டலுக்குள் அடைபட்டவர்களை மீட்கும் ஆட்டம் ஒன்றுதான். கூசாமல் ஈசி போடுவார். எதிரிகளின் எண்ணிக்கையைப் பூச்சியத்துக்கு இறக்குவார். துவக்கைக் கழற்றிவிட்டு டோர்ச், கயிறு, மருந்துப் பெட்டி ஏற்றுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சுட ஆளில்லாம இது என்னக்கா விளையாட்டு?"

"சுட்டது காணும் மனே, போதும். நீ தேத்தண்ணியக் குடி."

பிறகு அறை அறையாகப் போவார். திரைக்குள் கடல் மெல்ல இரையும். நீல வெளிச்சம் சுவரில் அசையும். வெளியே வாவிக் காற்றில் கடைக் கதவு ஆடும். எந்த இரைச்சல் உள்ளே, எது வெளியே என்று தெரியாமல் நான் அரைக்கண்ணில் கிடப்பேன். கட்டிலுக்குக் கீழே ஒளிந்தவரைக் கண்டால், "வாங்க, பயப்பிடாதீங்க" என்று வாய்விட்டே கூப்பிடுவார். அவர்களும் எழுந்து பின்னால் வருவார்கள்.

ஆனால் எல்லோரையும் வாசலில் சேர்த்தபின் ஆட்டத்தை முடிக்க மாட்டார். திரைக்குள் அவர்களோடு அப்படியே நிற்பார். ஒருநாள் பொறுமை கெட்டு நானே முடிக்கக் கை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். அப்போதுதான் சொன்னார். சுனாமியன்று கல்குடாவில் அவருடைய கணவர் அயல்சனத்தை ஒவ்வொருவராக றோட்டுக்குக் கொண்டுவந்து விட்டாராம். இன்னொருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பி ஓடினாராம். அவர் வருமுன், சனத்தை ஏற்ற வந்த லொறி அக்காவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டது.

"அவர் வந்திருக்க மாட்டார், எனக்குத் தெரியும் மனே. எண்டாலும் கொஞ்சம் நிண்டிருக்கலாம்."

அதன்பிறகு நான் திருந்திவிட்டேன் என்றால் பொய். பிளேன்டீக்குச் சீனி காணாது என்று அவரோடு சண்டை பிடித்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் அந்த ஆட்டத்தை முடிக்க மட்டும் கை போகவில்லை.

அடக்கம் முடிந்து கடைக்கு வந்தேன். பொடியன்களும் வந்தார்கள். ஈசி போட்டவன் கணக்கில் எல்லோருக்கும் நானே பிளேன்டீ வாங்கினேன். அக்காவின் கதிரையில் இருந்தேன். மூடாமல் விட்ட திரையில், ஹோட்டல் வாசலில் அவர் கூட்டிவந்த சனம் அப்படியே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

ஹார்ட்டில் நான் வென்றதெல்லாம் மறந்துபோகும். அக்காவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது, அவர் முடிக்காமல் காத்து நின்ற அந்த நிலைதான். திரையில் டோர்ச்சை ஹோட்டல் கதவுப் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நிக்கிறம் அக்கா. லொறி இன்னும் வெளிக்கிடல்ல."