வீட்டில் ஒரே பாஷை

என் மகளுக்கு ஐந்து வயதாகும்வரை, அவள் தாமதமாகப் பேசப்போகிற பிள்ளை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். மூத்தவன் ஒன்றரை வயதிலேயே வாய் ஓயாமல் பேசியவன். இவள் சிரிப்பாள், கையைப் பிடித்து இழுத்துப்போய் வேண்டியதைக் காட்டுவாள், கோபம் வந்தால் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போடுவாள். அவ்வளவுதான். தாராவியில் எங்கள் வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். அடுத்த வீட்டு மதினி, "எங்க நடுவுலவன் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்ப அவன் வாய மூட வைக்க முடியல. நீ சும்மா கெட" என்பாள். அந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே ஏதாவது சாக்குச் சொல்லி அவள் வீட்டுக்குப் போவேன்.

நான் அப்போது முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். என் கணவர் மாதுங்காவில் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். அறுபதுகளின் தொடக்கம் அது. மகளுக்கு ஐந்து வயதானதும் என் வகுப்பிலேயே உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று பள்ளிக்குக் கூட்டிப்போனேன். தலைமையாசிரியர் அவளை அருகில் அழைத்துப் பெயர் கேட்டார். அவள் மேசைமேலிருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பியூன் சன்னலுக்கு வெளியே மணியை அடித்தார். அறைக்குள் இருந்த நாங்கள் இருவரும் திரும்பினோம். அவள் திரும்பவில்லை.

தலைமையாசிரியர் மைக்கூட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க. காதையும் பாக்கச் சொல்லுங்க, புத்தியையும் பாக்கச் சொல்லுங்க. எதுல கொறைன்னு தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு என்ன செய்யலாம்னு பாக்க முடியும்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் வீடு வரும்வரை அந்த இரண்டாவது வார்த்தை என்னை விடவில்லை. காது போனால் ஒரு பிள்ளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. புத்தி குறைந்த பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்று பார்த்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் காது டாக்டர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று மணி ஆட்டினார், தட்டைத் தட்டினார். கேட்கும் சக்தி மிகவும் குறைவு, பிறவியிலேயே இருக்கலாம் என்றார். எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவுசெய்ய மனோதத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்று மாடிக்கு அனுப்பினார்.

மாடியில் இருந்தவர் ஒரு பார்ஸிப் பெண்மணி. வெள்ளைப் பருத்திப் புடவை, குட்டையாக வெட்டிய நரைத்த தலைமுடி. பம்பாய் இந்தியில்தான் என்னிடம் பேசினார். சிறு மேசையும் சிறு நாற்காலிகளும் போட்டிருந்த அறையில் மகளை உட்காரவைத்து, என்னைச் சுவரோரம் இருக்கச் சொன்னார். "எதுவும் சொல்லாதீர்கள். முகத்தாலும் சொல்லாதீர்கள்" என்றார். முகத்தால் சொல்லாமல் இருப்பது எப்படி என்று தெரியாமல் நான் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு மரப்பலகை. வட்டம், சதுரம், நட்சத்திரம், பிறை என்று குழிகள், அவற்றுக்குப் பொருந்தும் கட்டைகள். அந்த அம்மாள் பேசாமல் ஒரு கட்டையை எடுத்து அதன் குழியில் வைத்துக் காட்டிவிட்டு மற்றவற்றை மகள் பக்கம் தள்ளினார். அவள் பலகையைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மளமளவென்று வைக்கத் தொடங்கினாள். நட்சத்திரம் மட்டும் உட்காரவில்லை. சற்றுத் திருப்பினாள், உட்கார்ந்தது.

அந்த அம்மாள் கட்டைகளைக் கொட்டிவிட்டு, நேரம் கணக்கிடும் கடிகாரம் ஒன்றை அழுத்தி மறுபடியும் செய்யச் சைகை காட்டினார். செய்து முடித்ததும் மகள் கையை நீட்டிக் கடிகாரத்தை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னத்தில் அது துடிப்பது தெரிந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் அவசரப்படுத்தவில்லை. அவளே திருப்பித் தரும்வரை காத்திருந்தார்.

பிறகு நிறக் கட்டைகள், படங்கள். கடைசியில் தாளும் பென்சிலும் கொடுத்து ஒரு ஆளை வரையச் சைகையால் சொன்னார். அவள் முதலில் சேலைக் கொசுவத்தைக் கோடு கோடாகப் போட்டாள், பிறகு குடை, பிறகு பை, எல்லாம் முடிந்த பிறகு மேலே சின்னதாக ஒரு தலை. யார் இது என்று கையால் கேட்டதற்கு என்னைக் காட்டினாள். அதற்குமேல் நான் கைப்பையைப் பார்க்கவில்லை.

"உங்கள் மகளின் புத்தியில் ஒரு குறையும் இல்லை," என்றார் அந்த அம்மாள். "வயதுக்கு மேலேயே இருக்கிறது. காது கேட்கவில்லை, அதனால் பேச்சு வரவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் பேசவும் சொல்லிக் கொடுக்கிற பள்ளி தாதரில் இருக்கிறது." நான் அழுதேன். அவர் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஒரு விஷயம்" என்றார். "பள்ளியில் இந்தி. வீட்டிலும் இந்திதான் பேச வேண்டும். கர் மே ஏக் ஹீ பாஷா, வீட்டில் ஒரே பாஷை. இரண்டு பாஷையை உதட்டில் பார்த்தால் குழந்தை குழம்பிப்போகும்."

அந்தக் காலத்தில் எல்லா நிபுணர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது வேறு சொல்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

"தமிழில் சொல்லிக்கொடுக்கிற பள்ளி?" என்று கேட்டேன்.

"பம்பாயில் இல்லை."

ஊர்ப்பக்கம் இருந்தது. காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளியைப் பாளையங்கோட்டையில் நானே சிறுமியாய் வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்று மாலை கணவரிடம் இரண்டையும் சொன்னேன். அங்கே விட்டால் தமிழ் வரும், வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். இங்கே வைத்துக்கொண்டால் தமிழ் இல்லை.

அவர் கையிலிருந்த எண்ணெய்க் கறையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். "அஞ்சு வயசுப் புள்ளைய அங்கன கொண்டுபோயி விட்டுட்டு நீ இங்க வந்து என்ன செய்வ?"

"நான் தமிழ் டீச்சருங்க. எம்புள்ளைக்குத் தமிழு இல்லன்னா..."

"புள்ள நம்ம கண்ணு முன்னால இருக்கட்டும். இந்தியிலயே பேசிக்கிடுவோம். இந்த ஊருல பாதிப் பேரு அதுலதானே பொழைக்கான்."

அவளைத் தாதர் பள்ளியில் சேர்த்தோம். அவருக்குப் பணிமனை இந்தி இருந்தது. மூத்தவனுக்குத் தெருவில் விளையாடிய இந்தி. என்னிடம் இருந்தது கடைத்தெரு இந்தி. விலை கேட்பேன், குறைக்கச் சொல்வேன், கெட்டது என்று திருப்பிக் கொடுப்பேன். அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை வளர்க்க வேண்டும். சாப்பிடு, வா, கதவைச் சாத்து, மழை, செருப்பு எங்கே. இதற்கெல்லாம் வார்த்தை இருந்தது. கொஞ்சுவதற்கு இல்லை. பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளை "என் கண்ணு, என் ராசாத்தி, இங்க வாடி தங்கம்" என்று கூப்பிட்டு அனா ஆவன்னா எழுத வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் மகளின் எதிரில் உட்கார்ந்து, உதட்டைப் பெரிதாக அசைத்து, "பானி பீ", தண்ணீர் குடி, என்பேன்.

அவள் கற்றுக்கொண்டாள். "மா" என்றாள் ஒருநாள், உடைந்த கனத்த குரலில். தெருவே கேட்டது. மதினி ஓடிவந்து, "அம்மான்னு சொல்லுதா" என்றாள். நான் திருத்தவில்லை.

தினமும் பள்ளிக்கு அனுப்புமுன் அவளை என் முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னுவேன். அவள் முகம் அந்தப் பக்கம், என் உதடு அவளுக்குத் தெரியாது. அப்போது தமிழில் பேசுவேன். நேற்று நடந்தது, ஊரில் யாருக்குக் கல்யாணம், மூத்தவன் செய்த சேட்டை, அவள் பிறந்தபோது பெய்த மழை, எல்லாம். அவள் சீப்பின் பல்லைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடுத்த வருஷம் பரிசோதனைக்குப் போனபோது இதை அந்தப் பார்ஸி அம்மாளிடம் கேட்டேன். பின்னாலிருந்து பேசினால் பிள்ளைக்குக் கெடுதலா?

அவர் பேனாவை மூடி வைத்தார். "அவளுக்குக் கெடுதல் இல்லை," என்றார். பிறகு, "என்ன பேசுவீர்கள்?" என்று கேட்டார். எனக்கு இந்தியில் சொல்ல வரவில்லை.

ஒருநாள் பாதிப் பின்னலில் அவள் சட்டென்று திரும்பினாள். என் மூச்சு அவள் கழுத்தில் பட்டிருக்க வேண்டும். தன் பிடரியைத் தொட்டாள், என் உதட்டைத் தொட்டாள், "க்யா?" என்றாள், என்ன என்று. அதுவரை நான் அவளிடம், நீ பேசாத பிள்ளையாக இருந்தபோதுகூட உன் குரல் எனக்குக் கனவில் கேட்கும், மெல்லிய குரல், நம் ஊர்ப் பேச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் வாயையே பார்த்துக் காத்திருந்தாள். கடைசியில் நான் சொன்னது, "குச் நஹி." ஒன்றுமில்லை. அவள் நம்பவில்லை. ஆனாலும் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அவள் நன்றாகத்தான் படித்தாள். பிற்காலத்தில் டைப் அடிக்கக் கற்று வேலைக்குப் போனாள், தன்னைப் போன்ற ஒருவரையே மணந்து செம்பூரில் குடியிருக்கிறாள். என்மேல் அவளுக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. குறை என்றால் அது எனக்குத்தான், அவளிடம் பேசாமல் போன பேச்சு.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு மழை நாளில் அவளைக் கூட்டிவரத் தாதர் ஸ்டேஷனுக்குப் போனேன். பள்ளியில் கையால் பேசக்கூடாது என்று கண்டிப்பு. உதட்டுப் பேச்சு மறந்துவிடும் என்பார்கள். பிளாட்பாரத்தின் கோடியில் அவளும் நாலைந்து பெண்களும் நின்றிருந்தார்கள். பைகளைக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகளின் விரல்கள் பறந்தன. புருவம் ஏறி இறங்கியது. யாரையோ நடித்துக் காட்டினாள், ஒரு டீச்சராக இருக்கும், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இடையில் ஒருத்தி ஏதோ சொல்ல, இவள் மறுத்து, விளக்கி, மறுபடி தொடங்கினாள். வீட்டில் அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

நாங்கள் வீட்டுக்குப் போக ஏற வேண்டிய சயான் வண்டி வந்தது. நான் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. கிட்டப் போய்த் தோளைத் தொட வேண்டும், தொட்டால் கையை இறக்கிவிடுவாள். தூணுக்கு இந்தப் பக்கமாகவே நின்றுகொண்டேன். வண்டி கிளம்பிப் போனது. அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.